தெருவுக்கு ஒரு சம்பளக்காரர்

வணக்கம், நேயர்களே.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்கள், அங்கே சாமான் வாங்கப் போகிறவர்கள், இரண்டு தரப்பும் இப்போது வானொலியைத் திறந்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தத் தெருக்களில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். யாருக்கு எவ்வளவு வருமானம் என்று இங்கே சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைக்கு உள்ளே நடப்பதைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள். வெளியே, இந்தப் பக்கத்து ஐந்தடி நடைபாதையிலிருந்து அந்தப் பக்கத்து ஐந்தடி வரைக்கும் நடப்பதைக் கவனிக்கத்தான் யாரும் இல்லை.

மாநகர் மன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம், அவர்களும் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தீவு முழுக்க வேலை. சரி, சங்கம் இருக்கிறதே என்றால், சங்கத்தில் தலைவரும் கடைக்காரர், செயலாளரும் கடைக்காரர். கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள். தீபாவளிக்கு விளக்குத் தோரணம் கட்ட வசூலுக்குப் போனால் நாலு பேர் கொடுப்பார்கள், ஐந்தாவது ஆள் “அடுத்த வாரம் வாங்க” என்பார். தோரணம் மட்டும் அவர் கடைக்கு முன்னாலும் சேர்ந்தே எரியும்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. கனடாவில் டொரொண்டோ நகரத்தில் புளூர் வெஸ்ட் என்று ஒரு கடைத்தெரு. 1960களில் அங்கே பூமிக்கு அடியில் ரயில் விட்டார்கள். டிராமில் வந்து கடை வாசலில் இறங்கியவர்கள் தரைக்குக் கீழேயே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைப் புதிய பேரங்காடிகள் இழுத்துக்கொண்டன. 1970இல் கடைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். எல்லைக்குள் இருக்கிற எல்லாரும் கட்டாயம் ஒரு தொகை கட்ட வேண்டும், நகராட்சி அதை வசூலித்துக் கடைக்காரர் குழுவிடமே கொடுத்துவிட வேண்டும். வணிக மேம்பாட்டு வட்டாரம் என்பது அதுதான். அப்புறம் அது நியூயார்க் போனது, 2005இல் லண்டன் பக்கம் கிங்ஸ்டன் போனது, 2017இல் சிங்கப்பூரும் சோதனைத் திட்டம் தொடங்கியது.

நம் தெருவிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் இன்றைக்குச் சட்டத்தைப் பற்றிப் பேச வரவில்லை. இதை நடத்த முதல் முதலில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டுமே, அந்த ஆளைப் பற்றித்தான் பேச்சு.

நம் பக்கத்தில் இதற்கு யாரைத் தேடுவார்கள்? ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி, இல்லாவிட்டால் பெயருக்கு முன்னால் பட்டம் உள்ள ஒருவர், இல்லாவிட்டால் கலை நிகழ்ச்சி நடத்துகிறவர். அப்புறம் மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஒருவர், ஒரு தட்டு முறுக்கு, நேர்காணல் முடிந்தது. என் கட்சி வேறு. உட்கார வைத்துக் கேட்காதீர்கள், தெருவில் நடக்க விடுங்கள்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு தெருச் சங்கத்தில் முழு நேர நிர்வாகியைத் தேடினார்கள். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். கணக்குத் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் தேறினார்கள். காலை 11 மணிக்குத் தெருவில் ஒரு தடவை நடந்துவிட்டு வரலாம் என்று என் பிடிவாதத்துக்காகக் கிளம்பினோம்.

முதலாமவர் நல்ல பேச்சாளர், கையில் வண்ணப் படங்கள். தெரு முனையில் தோரண வாயில், சுவரில் ஓவியம், நடுவில் மேடை. நடக்கும்போது அவர் கண் மாடி ஜன்னல்களிலேயே இருந்தது. பழைய கட்டடங்கள், வீடியோ எடுத்தால் அருமையாக வரும் என்றார். வரும்தான்.

இரண்டாவதாக வந்தது ஒரு அம்மா, பேரங்காடியில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றுவிட்டார். ஐந்தடியை அடைத்துக்கொண்டு அட்டைப் பெட்டிகள், மேலே இரண்டு குத்துவிளக்கு. வயதான ஒரு பாட்டி, தள்ளுவண்டிப் பையோடு ரோட்டில் இறங்கி, மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி, மறுபடியும் ஏறினார். இந்த அம்மா யாரையும் அதட்டவில்லை. உள்ளே போய், “அண்ணே, உங்களுக்குச் சாமான் லோரி எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்டார். எட்டு மணிக்கு வர வேண்டிய லோரிதான், இறக்குகிற இடத்தில் விடியும்போதே காரை விட்டுவிடுகிறார்கள், அதனால் 11 மணிக்குத்தான் இறக்க முடிகிறது என்றார் முதலாளி. கார் யாருடையது? நாலு கடை தள்ளி விசாரித்தால், அதே தெருவில் கடை திறக்க வருகிறவர்களுடைய கார்கள்! பெட்டியைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். காருக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இருப்பது அவர் கண்ணுக்குத்தான் பட்டது.

குழு யாரை எடுத்தது? முதலாமவரைத்தான். தோரண வாயில் படம் அவ்வளவு அழகு. பெட்டிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், நடக்க விடுங்கள். நடக்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் யாரிடம் நின்று பேசுகிறார், எந்த மொழியில் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

மொழி என்றேன். நம் லிட்டில் இந்தியா இருக்கிற ஜார்ஜ் டவுனில் இது சின்ன விஷயம் இல்லை. கடையை நடத்துகிறவர் ஒருவர், கட்டடம் வேறொருவருடையது. ஒரு கட்டடம் கொங்சி என்கிற சீனர் குலச் சங்கத்துடையது, இன்னொன்று முஸ்லிம்களின் அறக்கொடையான வக்காஃப் சொத்து, இன்னொன்று கோயில் சொத்து. முதல் நிர்வாகி கொங்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்து ஹொக்கியன் என்ற சீன மொழியில் இரண்டு வார்த்தை பேச வேண்டும், மசூதிப் பக்கம் மலாயில் பேச வேண்டும், அப்புறம் நம் ஆட்களிடம் தமிழில் திட்டு வாங்க வேண்டும்.

கட்டணத்தை யார் கட்டுவது? நியூயார்க்கில் கட்டடச் சொந்தக்காரர்மேல் விழும், இங்கிலாந்தில் பெரும்பாலும் கடை நடத்துகிறவர்மேல் விழும். இங்கே வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 2000 பிறந்ததும் வாடகை எகிறியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர்க்காரர்களும் கட்டடம் வாங்க வந்தார்கள். “தெரு நன்றாக ஆனால் என் வாடகைதானே ஏறும், அதற்கு நானே ஏன் காசு கொடுக்கணும்?” என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்றும் அந்த நடையிலேயே பார்த்துவிடலாம்.

பொறுமையும் வேண்டும். நியூயார்க்கில் பிரயண்ட் பார்க் என்ற பூங்கா, போதைப்பொருள் விற்பவர்கள் பிடித்துக்கொண்ட இடமாக இருந்தது. அதை மீட்க 1980இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். டான் பீடர்மன் என்பவர் அதைத் தொடங்கி நடத்தினார். உயர்ந்த செடி வேலிகள் உள்ளே நடப்பதை மறைக்கின்றன என்று வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் எடுத்துச் சொல்லியிருந்தார். வேலியை எடுத்தார்கள், வழிகளைத் திறந்தார்கள். அப்புறம் நாற்காலி. தரையோடு பூட்டாத நாற்காலி! யார் வேண்டுமானாலும் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நம் குழுவாக இருந்தால் முதல் கேள்வியே, திருடிக்கொண்டு போய்விட மாட்டார்களா என்பதாக இருந்திருக்கும். கழிப்பறையில் பூங்கொத்து வைத்தார்கள், இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் சீரமைத்த பூங்கா திறந்தது 1992இல். 12 வருடம்! நம்மிடம் இரண்டாவது ஆண்டுக் கூட்டத்திலேயே, இந்த ஆள் என்ன செய்து கிழித்தார் என்று கேட்டுவிடுவோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தானாம். சம்பளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கௌரவ ஊழியம் வேண்டாம். முழுச் சம்பளம் கொடுங்கள். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 சதவீதம், அதோடு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா, இதையும் கணக்கில் எழுதிவிட்டு அப்புறம் விளம்பரம் போடுங்கள். அந்த நிர்வாகி குழுவில் ஒரே ஒருவருக்குப் பதில் சொன்னால் போதும். ராத்திரி 11 மணிக்கு “என் கடை முன்னால் லோரி நிற்கிறது” என்று பதினைந்து பேர் வாட்ஸ்அப்பில் முதலாளியானால் எந்த ஆளும் தங்க மாட்டார். ஒப்பந்தம் மூன்று வருடமாவது இருக்கட்டும். குழுவில் இருப்பவரின் மருமகன் வேண்டாம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. ஒரு வருடம் கழித்து எதை வைத்து மதிப்பிடுவது என்பதை… சரி, நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.