கையேட்டைத் திறந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்த இரண்டு, லினக்ஸும் பிஎஸ்டியும். லினக்ஸ் நல்லதா, பிஎஸ்டி நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டிலும் கையேட்டைத் திறந்து பாருங்கள் என்பேன். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரையும் தட்டினால் வருமே, அந்தப் பக்கம். நெட் இல்லாதபோதும் வரும். 1971-ல், யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ‘பிழைகள்’ என்று ஒரு பகுதி உண்டு. நிரலில் என்ன கோளாறு என்பதை எழுதியவரே சொல்லிவிடுவார். மிக்ஸி கையேட்டில் எந்தக் கம்பெனியாவது அப்படி அச்சடிக்குமா?

அதில் குறும்பும் உண்டு. பிஎஸ்டியில், வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமையைச் சரிப்படுத்த டியூன்எஃப்எஸ் என்று ஒரு கட்டளை. அதன் பிழைகள் பகுதியில், கோப்பு முறைமையை டியூன் பண்ணலாம், ஆனால் மீனை டியூன் பண்ண முடியாது என்று எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘டியூன் எ ஃபிஷ்’ என்றால் ‘டியூனா ஃபிஷ்’ மாதிரிக் கேட்கும். அந்த டியூனா மீனை வைத்து ஒரு கடி ஜோக். அதோடு விட்டார்களா? பக்கத்தின் மூலக்கோப்பில், திரையில் தெரியாத குறிப்பாக, இந்த வரியை எடுப்பவரை யூனிக்ஸ் பூதம் ஒன்று விடாமல் துரத்தும் என்று சாபம் வேறு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதன் பக்கம் ஒரு நீளமான பட்டியல். எடுத்துக்காட்டு கிடையாது. முழு விளக்கத்துக்கு ‘இன்ஃபோ’ என்ற இன்னொரு கையேட்டைப் பார் என்று கடைசியில் கையைக் காட்டிவிடும். காரணம், நிரல் தரும் உதவிக் குறிப்பிலிருந்து தானாகத் தயாராகும் பக்கம் அது. பிஎஸ்டி வகைகளில் ஒன்றான ஓப்பன்பிஎஸ்டியில் அதே எல்எஸ்ஸைப் பாருங்கள். எடுத்துக்காட்டு இருக்கும், யூனிக்ஸ் மாதிரியான இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலிருந்து எங்கே விலகுகிறது என்பதும் இருக்கும், வரலாறும் இருக்கும்.

இதில் திறமைக் குறைவு ஒன்றும் இல்லை. லினக்ஸில் இயங்குதளத்தின் மையமான கர்னல் ஓரிடத்தில், கட்டளைகள் க்னூ என்ற வேறு திட்டத்தில், தொகுப்பவர்கள் வேறிடத்தில். கையேடு எழுதாத நிரலுக்கு டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்குபவர்களே உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. கையேடு இல்லாவிட்டால் அவர்கள் விதிப்படி அது ஒரு பிழை. பிஎஸ்டியில் கர்னல், கட்டளைகள், கையேடு மூன்றும் ஒரே மூலத்தொகுப்பு. நிரலை மாற்றுகிறவர் கையேட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஓப்பன்பிஎஸ்டிகாரர்கள் இதில் ரொம்பக் கறார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கையேட்டில் தவறு இருந்தால் அவர்களுக்கு அது நிரலில் இருக்கும் தவறு மாதிரியே. நிறுவி முடித்ததும் நிர்வாகிக் கணக்கான ரூட்டின் அஞ்சல் பெட்டியில், ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் பெயரில் ஒரு வரவேற்பு மடல் காத்திருக்கும். ‘ஆஃப்டர்பூட்’ என்ற கையேட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லும் மடல் அது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்னொரு பிஎஸ்டியான ஃப்ரீபிஎஸ்டியின் ஹேண்ட்புக் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். அப்புறம், ஆர்ச் என்ற லினக்ஸ் தொகுப்பின் இணையக் கையேடான ஆர்ச் விக்கி. வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் அங்கேதான் ஓடுகிறார்கள். அதைக் கணினியிலேயே வைத்துக்கொள்ள ஆர்ச்சில் ‘ஆர்ச்-விக்கி-டாக்ஸ்’ என்ற பொதி இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.