கள்ளத்தராசு போச்சு, கஸ்டமரும் போச்சு

ஸ்தோத்திரம் எல்லாருக்கும். பின்னாடி கேக்குற சத்தம் கிரைண்டர் தான், நம்ம பழைய ஆளு. பெல்ட்டு மாத்தின வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நடுவுல நிறுத்தினா திரும்ப ஓடுறதுக்கு ரொம்ப பிகு பண்ணும், அதனால அது ஓடட்டும், நான் கொஞ்சம் கத்தியே பேசுறேன்.

இன்னிக்கு ரெசிபி கிடையாது. ஞாயித்துக்கிழமையில இருந்து எனக்குக் கடுப்பு. சர்ச் முடிஞ்சு செருப்பு மாட்டுற இடத்துல ஒரு அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "வியாபாரம் விழுந்துடுச்சாமே, எங்கயோ ஒரு பாவம் மறைஞ்சிருக்கும்மா, மூணு நாள் உபவாசம் இருந்து பாரு"ங்கிறாங்க. அக்கா, மறைஞ்சிருந்ததை வெளிய எடுத்துப் போட்டதுனால தான்க்கா வியாபாரமே விழுந்துச்சு! இத அங்க சொன்னேனா, இல்ல. பஸ் ஏறி மஞ்சக்குப்பம் தாண்டின பிறகு தான் எனக்குப் பதிலே வாயில வருது, எப்பவும் இதே கதை.

புதுசா வந்தவங்களுக்கு: நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல வீட்டுலயே இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். மூணு மாசம் முன்னாடி பாப்பா விளையாட்டா ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட்டை, பிரிக்காதது, நம்ம ஸ்பிரிங் தராசு மேல வச்சா, முள்ளு 1 கிலோ 80 கிராம்ல நிக்குது. உப்பு பாக்கெட்டை வச்சேன், அதுவும் அதே தான். அப்போ நான் ஒரு கிலோன்னு கொடுத்த ஒவ்வொரு பாக்கெட்டுலயும் எழுபது கிராமுக்கு மேல குறைச்சல். ஒண்ணரை இட்லி மாவு! அப்ப தினம் 45 பாக்கெட் போயிட்டு இருந்துச்சு, கணக்கு போட்டா ஒரு நாளைக்கு மூணு கிலோ ஊரான் வீட்டு மாவு என் கையில. நீதிமொழிகள் 11-ல முதல் வசனமே கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புங்கிறது தான், ஞாயிறு பள்ளியில இத ஒப்பிச்சு நான் சோப்பு டப்பா பரிசு வாங்கினவ.

சரி, தராசு வாங்கின கதைக்கு வரேன், இத விட மாட்டேன். லாரன்ஸ் ரோட்டுல ஒரு கடை, பேர் வேணாம். முத்திரை போட்ட டிஜிட்டல் தராசு 1,850 சொன்னான், அரை மணி நேரம் நின்னு 1,650-க்கு இறக்கினேன், எவ்ளோ சந்தோஷம், வீட்டுக்கு வந்து டப்பாவப் பிரிச்சா அடாப்டர் இல்ல. ஏம்ப்பான்னு போன் பண்ணா "அது தனிக்கா, 180"ங்கிறான். நான் இறக்கின இருநூறுல நூத்தி எண்பதை அவன் திரும்ப எடுத்துட்டான், இருபது ரூபாய்க்கு அரை மணி நேரம் வெயில்ல நின்னிருக்கேன். இதுல பேட்டரி வேற ரெண்டு மணி நேரம் கூட நிக்காது, ஒயரப் புடுங்கினா கொஞ்ச நேரத்துல செத்துடும்.

அப்புறம் கஸ்டமர் குரூப்புல உண்மையப் போட்டேன். இத்தனை நாள் எடை குறைச்சலா போயிருக்கு, தெரியாம நடந்தது, மன்னிச்சுக்குங்க, ஆளுக்கு ஒரு பாக்கெட் இலவசம்னு. எங்க வீட்டுக்காரர் வேணாம்னு தான் சொன்னார், "இனிமே சரியா போடு, போதும், எதுக்கு மைக் வச்சு சொல்ற"ன்னு. எனக்கு மனசு ஒத்துக்கல. பைபிள்ல ஊர ஏமாத்தி வரி வசூல் பண்ண சகேயு, நாலத்தனையா திருப்பித் தரேன்னு சொன்னாரே, நாம ஒரு பாக்கெட் தர மாட்டோமான்னு. ஆனா சகேயு வீட்டுல மறுநாள் உலை கொதிச்சுச்சான்னு லூக்கா எழுதல பாருங்க!

என்ன ஆச்சு, நாலு பேர் பாராட்டினாங்க, இருபது பேர் இலவச பாக்கெட்ட வாங்கிட்டு அதோட சரி. ஒரு அபார்ட்மென்ட்டே மொத்தமா கழண்டுச்சு. 45 போய் இப்ப 18. பாப்பாவுக்கு டேர்ம் ஃபீஸ் கட்டல. அடுத்த சிலிண்டர் புக் பண்ண யோசிக்கிறேன்.

உபவாசம் இல்ல, கோவத்துல தான் அன்னிக்கு ராத்திரி பைபிளத் திறந்தேன். யாத்திராகமம் 5. மோசே அவரா போகல, கர்த்தர் போகச் சொல்லித்தான், அடிமையா செங்கல் அறுக்கிற ஜனங்கள விடுங்கன்னு கேக்க பார்வோன்கிட்ட போறார். உடனே என்னாச்சு, செங்கலுக்குக் கொடுத்த வைக்கோல் கட், ஆனா செங்கல் கணக்கு அதே கணக்கு. ஜனங்க மோசேயத் திட்டுறாங்க, மோசே கர்த்தர்கிட்டயே போய், நான் போய்ப் பேசினதுல இருந்து தான் இவங்களுக்குக் கேடு, நீங்க விடுவிக்கவே இல்லையேன்னு நேராக் கேக்குறார். அதுக்கு அடி விழல. இத வாசிச்சு எனக்கு ஒரு மூச்சு வந்துச்சு, நானும் கேக்கலாம் போலன்னு. கேட்டேன், கொஞ்சம் மரியாதை இல்லாமலே கேட்டேன்.

அப்புறம் சாறிபாத் விதவை, பஞ்சத்துல கடைசி மாவுல எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த நம்ம மாவுக்காரம்மா. எல்லா பிரசங்கத்துலயும் பானையில மாவு குறையலங்கிற வரைக்கும் வந்து ஆமென் சொல்லிடுவாங்க. ஆனா அந்தப் பானை மூட்டையா நிறைஞ்சதுன்னு எங்கயும் இல்ல, செலவழிஞ்சு போகலங்கிறது தான் இருக்கு. தினமும் காலையில எழுந்து உள்ள கைய விட்டுப் பாக்கணும் அவங்க. அதுக்கும் அடுத்த பத்தியில பையன் செத்துப் போறான்! எலியாவுக்குச் சோறு போட்டவங்க வீடுங்க அது. அந்தம்மா என்ன கேக்குறாங்க, என் பாவத்தை ஞாபகப்படுத்தவா வந்தீங்கன்னு. நம்ம செருப்பு ஸ்டாண்டு அக்கா டயலாக் அப்பவே இருந்திருக்கு. எலியா அதுக்கு ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, உபவாசம் இருன்னும் சொல்லல. பிள்ளையத் தூக்கிட்டு மேல் ரூமுக்குப் போய் அவரே கர்த்தர்கிட்ட, தங்க இடம் கொடுத்த இந்த விதவைக்கா இப்படின்னு கேக்குறார். எனக்கு அந்த எலியாவ ரொம்பப் பிடிக்கும், வானத்துல இருந்து அக்கினி இறங்க வச்ச கர்மேல் மலை எலியாவ விட.

ஆங், இன்னொண்ணு, ஓ.டி., அதான் நம்ம ஊர் ஓல்ட் டவுன், அந்த வீடியோவுல விட்டுட்டேன். கீர்னாண்டர்னு ஒரு ஸ்வீடன்காரர் மிஷனரி, 1740-ல நம்ம கடலூருக்கு வந்து பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடம், ஊழியம்னு உழைச்சார். 1758-ல பிரெஞ்சுத் தளபதி லாலி பாண்டிச்சேரியில இருந்து படையோட வந்து ஊரப் பிடிக்க, அவர் எல்லாத்தையும் விட்டுட்டு கல்கத்தா போனார். அங்க சொந்தக் காசப் போட்டு 1770-ல ஒரு சர்ச் கட்டினார். கடைசி காலத்துல கடன்ல விழுந்து அந்தச் சர்ச்சே கைமாறிப் போச்சு. அந்தச் சர்ச் இன்னிக்கும் இருக்கு. அவர்கிட்டயும் யாராவது வந்து மறைஞ்ச பாவம்னு சொல்லியிருப்பாங்க, நிச்சயமா.

எல்லாரும் கேக்குறீங்க, இப்ப நம்பிக்கை இருக்கான்னு. பழைய 45 திரும்ப வரும்னு யாரும் எனக்கு வாக்கு கொடுக்கல, நானும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காலையில அரிசி ஊற வைக்கிறப்ப தான் எனக்குக் கை நடுங்குது. 18 பாக்கெட்டுக்கு ஊற வைக்கணும், இன்னிக்கு 20-க்கு வச்சேன். அவ்வளவு தான் என்கிட்ட இருந்துச்சு, விசுவாசமும் சரி, உளுந்தும் சரி.

இருங்க, கேட்டுல யாரோ… வாங்கக்கா, ரெண்டா? எடை போட்டுத் தரேன், நீங்களே பாருங்க… இதென்ன ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல? பாப்பா! அடாப்டர புடுங்கிட்டு போன் சார்ஜ் போட்டியா?