புளி தட்டும் கையும் பாதியில் நிற்கும் பேச்சும்

வணக்கம். கிருஷ்ணகிரியில் புளிச் சீசன் என்பதால் இன்றைய காணொளியை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பதிவு செய்கிறேன். பின்னால் கேட்கும் ‘டொக், டொக்’ சத்தம் அம்மா புளி தட்டுவது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஓடு நீக்கிய புளியை அம்மாவின் இடது கை கல்லின் மேல் திருப்பித் திருப்பி வைக்க, வலது கைச் சுத்தியல் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தள்ளுகிறது. சுத்தியல் மேலே இருக்கும் அந்தக் கண நேரத்திற்குள் விரல் உள்ளே போய்த் திரும்பிவிட வேண்டும். இதற்கு நடுவே பக்கத்து வீட்டு அக்காவுடன் ஊர்க்கதையும் ஓடும். ஆனால் வளைந்து முறுக்கிய பழம் ஒன்று கைக்கு வந்தால், பேச்சு பாதிச் சொல்லில் நின்றுவிடுகிறது, தட்டல் நிற்பதில்லை. கொட்டை விழுந்த பின், விட்ட இடத்திலிருந்து கதை தொடர்கிறது.

கை வேலை கடினமாகும்போது, பேச்சுக்குப் போக வேண்டிய கவனத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. இதை நீங்களும் சோதிக்கலாம். இரு உள்ளங்கைகளையும் மேசையில் கவிழ்த்து, ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் வலப்பக்கமும் பின்னர் இடப்பக்கமும் அசையுங்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றையொன்று நெருங்கவும் விலகவும் தொடங்கிவிடும். அமெரிக்காவில் பணியாற்றிய கெல்சோ என்னும் ஆய்வாளர் 1984-இல் இதை விவரித்தார். அடுத்த ஆண்டே ஹாகன், புன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அதற்குக் கணித வடிவமும் கொடுத்தார். விரல்கள் மாறிவிடக் கூடாது என்று மனத்தை இறுக்கிப் பிடித்தால் அந்த மாற்றத்தைத் தள்ளிப்போட முடியும் என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆனால் அதற்குச் செலவாகும் கவனத்தைப் பேச்சோ கணக்கோ கேட்டால், இரண்டில் ஒன்று தளர்ந்தே ஆக வேண்டும். நான் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே விரல்களை அசைத்துப் பார்த்தேன்; எண்பத்தைந்தைத் தாண்டுவதற்குள் விரலும் தப்பியது, கணக்கும் தப்பியது.

எதைத் தளர விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்வீடனில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வசித்த 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்திய 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்தார்கள். அவர்களிடம் நடையே பேச்சுக்கு வழிவிட்டது. அம்மாவிடம் பேச்சுதான் கைக்கு வழிவிடுகிறது.

கவனம் கூடினால் எப்போதும் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். நேற்று கேமராவுக்காக, விரல் எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது என்று ஒவ்வோர் அடிக்கும் வாயால் விளக்கச் சொன்னேன். ஆயிரக்கணக்கான பழங்களைத் தட்டிப் பழகிய அதே கை, பத்தாவது அடிக்குள் கட்டை விரலில் இறங்கியது. அம்மா என்னைத் திட்டிய பகுதியை வெட்டிவிட்டேன். இன்று எதையும் விளக்கச் சொல்லவில்லை, தூரத்தில் உட்கார்ந்து படம் மட்டும் எடுக்கிறேன். இதோ, அக்காவின் மகள் கல்யாணக் கதை பாதியில் நின்றிருக்கிறது, முறுக்கல் பழம் வந்துவிட்டது போலும்.