ஒன்பதாம் வகுப்புக்கு வராத பிள்ளைகள்

[திரையில்: வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம்]

சேர்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு. இந்த வீடியோவுக்காக நாங்களே எழுதிய மாதிரிப் பக்கம் இது. ஆனாலும் மலையில் பாடம் நடத்தியவர்களுக்குப் பார்த்ததும் புரியும். ஒரு மாணவனின் வரிசையை மட்டும் கவனியுங்கள். ஜூனும் ஜூலையும் நிறைவாக இருக்கின்றன. ஆகஸ்டில் இரண்டு திங்கட்கிழமைகள் வரவில்லை. நவம்பரில் வாரத்துக்கு இரண்டு நாள் இல்லை. டிசம்பரில் பாதி மாதம் காணோம், அரையாண்டுத் தேர்வில் கணிதத் தாளையும் எழுதவில்லை.

அடுத்த ஜூனில் இவன் பெயர் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் இல்லாமல் போனால், "திடீரென்று நின்றுவிட்டான்" என்று சொல்வோம். ஆகஸ்டிலேயே பதிவேடு அதைச் சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கல்வி ஆய்வாளர் ராபர்ட் பால்ஃபன்ஸும் அவருடைய குழுவினரும் மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் படிப்பை விட்டவர்களில் பெரும்பகுதியினரை ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காண முடிந்திருக்கும் என்பது அதன் முடிவு. வருகை குறைவது, கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ தோற்பது, நடத்தையில் சிக்கல் வருவது ஆகியவைதான் அறிகுறிகள். நம் பள்ளிக்கும் இது பொருந்தும். நம்மிடம் ஆண்டுக்கு இருநூற்றுச் சொச்சம் வேலைநாட்கள். மாதம் இரண்டு நாள் விடுப்பு என்றாலே பத்து சதவீதப் பாடம் போய்விடுகிறது. அந்த இரண்டு நாள்தான் எச்சரிக்கை மணி.

[திரையில்: ஏற்காடு வட்டத்தின் வரைபடம். நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை, மாரமங்கலம்]

ஆபத்து ஏன் சரியாக எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வருகிறது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தமும் அதே வயதில்தான் பிடியைத் தளர்த்துகிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை. அதற்கு மேல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் தடை. பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முடியும் அதே பிறந்தநாளில் வேலைக்குப் போகும் கதவும் திறந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால், சேர்ந்து வந்த பின்னடைவு முழுவதும் ஒன்பதில்தான் வெளிப்படுகிறது. மலையில் இன்னொன்றும் கூடுகிறது. எட்டு வரை நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளி, ஒன்பதில் பஸ் ஏறும் தூரத்துக்குப் போய்விடுகிறது. காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய படிப்பு அவ்வளவுதான். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் பெண்பிள்ளையை மாலையில் தனியாக அனுப்பத் தாய்க்கு மனம் வராது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம்.

காபிப் பழம் பறிப்பது நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி வரை போகும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். பறிக்கும் கூலி எடைக்கு என்றால், கூடுதலாக இரண்டு கைகள் இருந்தால் கூடுதல் பணம். ஜனவரியில் திரும்பி வரும் பிள்ளைக்குக் கரும்பலகையில் ஓடும் இயற்கணிதம் புரிவதில்லை. புரியாத வகுப்பில் ஒரு வாரம் தலைகுனிந்து உட்காருவதைவிடத் தோட்டத்தில் நிற்பது மேல் என்று அந்தப் பிள்ளை முடிவெடுக்கிறது.

மலையிறங்கி சேலம் நகருக்கு வந்தால் வேலை மாறுகிறது, கணக்கு மாறுவதில்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்து சலங்கை கோர்க்க உட்காரும் பிள்ளை, திருவிழா ஆர்டர் வந்தால் பகலிலும் உட்காரும்.

[திரையில்: பள்ளிப் பையுடன் ஒரு வீட்டு வாசல்]

இனி, என்ன செய்வது? வகுப்பாசிரியரே, பிள்ளை வராத மூன்றாவது நாள் வீட்டுக்குப் போங்கள், அல்லது யாரையாவது அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அதே ஊர்க்காரர் ஒருவர் போய்க் கேட்பதற்கு இருக்கும் மதிப்பு தனி. போனதும் "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அது விசாரணை, பொய்தான் பதிலாக வரும். "காலையில் உன்னை யார் எழுப்புகிறார்கள், கண்ணு?" என்று கேளுங்கள். அம்மா விடியுமுன் தோட்டத்துக்குப் போவது, தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்புவது இவன் பொறுப்பு என்பது, பாட்டிக்கு முடியாமல் போனது எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிடும். பிறகுதான் வழி தேட முடியும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, பெண்பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா எனத் தங்கிப் படிக்க இடங்கள் இருக்கின்றன.

சாதிச் சான்றிதழை எட்டாம் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். சேலம் மாவட்டத்தில் மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணை முடியக் காலம் பிடிக்கும். பன்னிரண்டு முடித்த பிறகு ஓடினால் கல்லூரிச் சேர்க்கை காத்திருக்காது.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். 18 வயதுக்கு முன் திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெற்றோரிடம் பேசும்போது புதுமைப்பெண் திட்டத்தையும் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் உயர்கல்விக்குப் போனவளுக்குத்தான் கிடைக்கிறது. மதிய உணவோ பத்தோடு நின்றுவிடுகிறது. நடுவில் இருக்கும் ஆண்டுகளைத் தாண்டவைப்பது நம் வேலை. பத்தில் தோற்றவனுக்கும் இதுதான். துணைத் தேர்வு அதே கோடையில் வந்துவிடும், விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாட்கள். முடிவு வந்த அன்றே அவன் வீட்டுக்குப் போங்கள்.

கடைசியாக, மாற்றுச் சான்றிதழ். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அதைக் கொடுத்ததும் பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். ஜூன் இரண்டாம் வாரத்தில் உங்கள் பழைய எட்டாம் வகுப்பின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். இன்னும் தொகுப்பிலேயே இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அன்று மாலையே அந்த வீடுகளுக்குப் புறப்படுங்கள்.