பொய்க்கு 144 கோடி டாலர்: அலெக்ஸ் ஜோன்ஸ் மீதான தீர்ப்பு நியாயமா?

[திரையில் இரண்டு எண்கள்: 7.3 கோடி டாலர், 144 கோடி டாலர்]

வணக்கம். இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். இரண்டும் 2022-ல் வந்தவை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பள்ளிக்கூடம்.

2012 டிசம்பர் 14. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊர். அங்கே சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஓர் இளைஞன் 26 பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் 20 பேர் குழந்தைகள். ஆறு வயது, ஏழு வயது. அவன் பயன்படுத்திய துப்பாக்கியைத் தயாரித்தது ரெமிங்டன் நிறுவனம். அந்த நிறுவனத்தின் மேல் ஒன்பது குடும்பங்கள் போட்ட வழக்கு 2022 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர்.

அதே ஆண்டு நவம்பரில் வந்தது இரண்டாவது எண். அந்தக் கொலைகள் நடக்கவே இல்லை, எல்லாம் நாடகம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த அலெக்ஸ் ஜோன்ஸ், கனெக்டிகட் வழக்கில் மட்டும் 144 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று முடிவானது. நம் பணத்தில் கிட்டத்தட்ட 12,000 கோடி ரூபாய்.

துப்பாக்கி செய்தவர்களுக்கு 7.3 கோடி, வாயால் பேசியவருக்கு 144 கோடியா? இந்தக் கேள்வியை ஜோன்ஸின் ரசிகர்கள் மட்டும் கேட்கவில்லை. கருத்துச் சுதந்திரத்தில் அக்கறை உள்ள பலரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் தொகை பெரிதா சிறிதா என்று பார்த்து அந்த முடிவுக்கு வர முடியாது. யார், யாருக்கு எதிராக வழக்குப் போட்டார்கள், நிறுத்திக்கொள்ள அவருக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

ரெமிங்டன் கணக்கை முதலில் முடித்துவிடலாம். துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மேல் எளிதில் வழக்குப் போட முடியாதபடி அமெரிக்காவில் 2005-ல் ஒரு சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். ரெமிங்டன் அதற்குள் திவாலாகியும் இருந்தது. அந்தப் பணத்தைக் கொடுத்தது காப்பீட்டு நிறுவனங்கள். ஆக, 7.3 கோடி சிறிய தொகையாக இருப்பதற்குக் காரணம் அந்தச் சட்டம். அதை வைத்து 144 கோடி அதிகம் என்று வாதிட முடியாது.

[திரையில்: டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம்]

சரி, ஜோன்ஸ் யார்? ஆஸ்டினில் இருந்து 'இன்ஃபோவார்ஸ்' என்ற நிகழ்ச்சியை நடத்தியவர். அரசாங்கம் மக்களை ஏமாற்றுகிறது என்பதுதான் அவருடைய அன்றாடப் பேச்சு. சாண்டி ஹூக் விஷயத்தில் அவர் சொன்னது இது: துப்பாக்கிகளைப் பறிப்பதற்காக அரசாங்கம் போட்ட நாடகம், அழுகிற பெற்றோர்கள் எல்லாம் நடிகர்கள்.

அரசாங்கத்தைத் திட்டினால் அது அரசியல் பேச்சு. எவ்வளவு மோசமான பேச்சாக இருந்தாலும் சட்டம் அதைப் பாதுகாக்கும், பாதுகாக்கவும் வேண்டும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தகப்பனின் முகத்தைத் திரையில் காட்டி, இவர் நடிக்கிறார் பாருங்கள் என்று சொல்வது வேறு. மகள் இறந்த மறுநாள் மைக் முன்னால் வந்து நின்ற ஒரு தந்தை, பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு நொடி சிரித்த காட்சியை ஜோன்ஸ் எடுத்துக்கொண்டார். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேலி செய்தார். அந்தக் குடும்பம் நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் தெருவில் ஒருவன் வழிமறித்து அந்தத் தந்தையை வசைபாடினான்.

அவர் ஒருவர் மட்டுமா? இன்னொரு பெற்றோருக்கு, உங்கள் மகன் கல்லறையில் சிறுநீர் கழித்தேன் என்று எழுதினார்கள். குழி தோண்டிப் பார்ப்போம், பிள்ளை உள்ளே இருக்கிறானா என்றார்கள். அவன் ஏழு வயதுப் பையன். ஒரு தகப்பனுக்குக் கொலை மிரட்டல் விட்ட ஒரு பெண் 2017-ல் சிறைக்கே போனார். அந்தத் தகப்பனின் குடும்பம் வீடு மாற்றி வீடு மாற்றி ஒளிந்து வாழ்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளை இருந்தான் என்பதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக் காட்ட வேண்டிய நிலைமை.

ஜோன்ஸுக்கு இதில் என்ன லாபம்? இன்ஃபோவார்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி, நிகழ்ச்சியில் விற்கும் சத்து மாத்திரைகள் போன்ற சரக்குகளில் இருந்து வந்தது. சில நாட்களில் ஒரே நாளில் 8 லட்சம் டாலர் வரை விற்பனை நடந்ததை நீதிமன்றத்தில் காட்டினார்கள். பயம் கூடினால் பார்வையாளர் கூடுவார்கள், பார்வையாளர் கூடினால் மாத்திரை விற்கும். கருத்து என்ற பெயரில் நடந்தது வியாபாரம்.

[திரையில்: 2018, வழக்குகள் தொடக்கம்]

2018-ல் டெக்சாஸிலும் கனெக்டிகட்டிலும் குடும்பங்கள் வழக்குப் போட்டன. பலர் குறை சொல்கிற இடம் இனிமேல்தான் வருகிறது. ஜோன்ஸ் அவதூறு செய்தாரா இல்லையா என்று ஜூரி, அதாவது பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு, விசாரித்து முடிவு செய்யவே இல்லை. இரண்டு மாநில நீதிபதிகளும் அதைத் தாங்களே தீர்த்துவிட்டார்கள். ஜூரிக்கு விட்டது எவ்வளவு தொகை என்ற கேள்வியை மட்டும்தான். ஒரு தரப்பின் வாதம் இல்லாமலே தீர்ப்பு சொல்வதை நம்மூர் வழக்கறிஞர்கள் எக்ஸ்பார்ட்டி என்று சொல்வார்களே, ஏறக்குறைய அந்த வகை.

கேட்டதும் எனக்கும் நெருடியது. தற்காப்பு வாதத்தைக் கேட்காமல் தீர்ப்பா? ஆனால் கோப்புகளின் கதையைப் பார்த்தால் படம் மாறுகிறது. வழக்கு நடந்த மூன்று ஆண்டுகளும் இந்த ஆவணத்தைக் கொடு, இந்தக் கணக்கைக் கொடு, பார்வையாளர் புள்ளிவிவரத்தைக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தது. ஜோன்ஸ் தரப்பு அரைகுறையாகக் கொடுத்தது, அல்லது கொடுக்கவே இல்லை. அபராதம் போட்டார்கள், எச்சரித்தார்கள். எதற்கும் மசியவில்லை. கடைசியில் 2021 இலையுதிர் காலத்தில்தான் இரண்டு நீதிபதிகளும் அந்தக் கடைசி ஆயுதத்தை எடுத்தார்கள். வாதாடும் உரிமையை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை. அவராகவே தூக்கிப் போட்டார்.

இதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்த ஒரு கட்டம் உண்டு. 2022 ஆகஸ்ட் 3, ஆஸ்டின் நீதிமன்றம். ஜோன்ஸ் சாட்சிக் கூண்டில் இருக்கிறார். என் ஃபோனில் சாண்டி ஹூக் பற்றித் தேடிப் பார்த்தேன், ஒரு குறுஞ்செய்தியும் இல்லை என்று ஏற்கெனவே சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்லியிருந்தார். குடும்பத்தின் வழக்கறிஞர் மார்க் பேங்க்ஸ்டன் எழுந்து ஒரு செய்தியைக் காட்டுகிறார். இது எப்படிக் கிடைத்தது தெரியுமா என்று கேட்கிறார். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் ஜோன்ஸின் சொந்த வழக்கறிஞர்களே, இரண்டு ஆண்டுக் குறுஞ்செய்திகள் அடங்கிய அவருடைய ஃபோனின் முழு நகலையும் தவறுதலாக எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கேட்டு முறையாக எதுவும் செய்யவும் இல்லை. இல்லை என்று அவர் சொன்னது அதில் இருந்தது.

அதற்கு முந்தைய நாள், ஆறு வயது மகனை இழந்த தாய் அதே கூண்டில் நின்று, எதிரே உட்கார்ந்திருந்த ஜோன்ஸைப் பார்த்தே பேசினார். என் மகன் நிஜம், நான் நிஜமான தாய் என்றார். நடந்து கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் கழித்து ஒரு தாய் இதை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். அந்த விசாரணையில்தான், படுகொலை நூறு சதவீதம் நிஜம் என்று ஜோன்ஸும் ஒப்புக்கொண்டார். அந்த ஜூரி விதித்தது 4.9 கோடி டாலர்.

[திரையில்: வாட்டர்பரி, கனெக்டிகட். 2022 அக்டோபர் 12]

பெரிய எண் வந்தது அடுத்த விசாரணையில். எட்டுக் குடும்பங்கள், அன்று பள்ளிக்குப் போன ஓர் எஃப்.பி.ஐ. அதிகாரி, மொத்தம் 15 பேர். ஆறு பேர் கொண்ட ஜூரி 96.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. ஒரே ஆளுக்குப் போகிற தொகையாக இதைப் பார்க்காதீர்கள். 15 பேருக்குத் தனித்தனியாக, 2.88 கோடியில் இருந்து 12 கோடி டாலர் வரை பிரித்துப் போட்டார்கள். சாண்டி ஹூக் பற்றி அவர் பரப்பியது சமூக வலைத்தளங்களில் குறைந்தது 55 கோடி முறை மக்கள் கண்ணில் பட்டது என்று சாட்சியம் சொல்லப்பட்டிருந்தது. அந்த 55 கோடியையே டாலர் கணக்கில் அடிப்படையாக வையுங்கள் என்று குடும்பங்களின் வழக்கறிஞர் கேட்டார். ஜூரி அதற்கும் மேலே போனது.

அப்புறம் நவம்பரில் நீதிபதி பார்பரா பெல்லிஸ், தண்டனையாக 47.3 கோடியைச் சேர்த்தார். இதில் 32.3 கோடி வழக்கறிஞர் கட்டணத்துக்கு. மீதி 15 கோடி, முறைகேடான வியாபாரத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின் கீழ். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவதூறுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லி 15 கோடியை மட்டும் தள்ளுபடி செய்தது. மற்றதெல்லாம் நின்றது. கோபத்தில் போட்ட தொகை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்டனைப் பகுதி, இழப்பீட்டில் பாதிகூட இல்லை.

ஆனாலும் எனக்குள் ஒரு பயம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அவதூறு வழக்கு என்ற இதே ஆயுதம் அதிகாரத்தில் இருப்பவன் கைக்குப் போனால்?

போயிருக்கிறது. 1960-ல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சில சின்னச் சின்னப் பிழைகள் இருந்தன. அலபாமாவின் மாண்ட்கோமரி நகர அதிகாரி சல்லிவன் வழக்குப் போட, உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அவர் பெயர்கூட விளம்பரத்தில் இல்லை! கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதக் கூடாது என்பதுதான் நோக்கம். 1964-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு அதிகாரி வழக்குப் போட்டால், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது.

பத்து ஆண்டுகள் கழித்து அந்த விதிக்கு ஓர் எல்லை வந்தது. அது ஒரு சதிக்கதைப் பத்திரிகையால் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜான் பர்ச் சொசைட்டி என்ற தீவிர வலதுசாரி அமைப்பின் இதழ், சிகாகோ வழக்கறிஞர் எல்மர் கெர்ட்ஸைக் கம்யூனிஸ்ட் சதியில் ஓர் ஆள் என்று எழுதியது. 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாதாரண மனிதனுக்கு அதிகாரியிடம் இருக்கும் மேடை இல்லை, பதில் சொல்லும் வசதி இல்லை, ஆகவே அவனுக்கு சல்லிவன் விதியின் சுமை வேண்டாம். கெர்ட்ஸுக்குக் கடைசியில் 4 லட்சம் டாலர் கிடைத்தது.

சாண்டி ஹூக் பெற்றோர்கள் கெர்ட்ஸின் வரிசையில் வருகிறவர்கள். அவர்கள் அமைச்சரும் இல்லை, கோடீஸ்வரரும் இல்லை. பொது மேடைக்கு அவர்களாக வரவில்லை, ஒரு கொலை அவர்களை இழுத்து வந்து நிறுத்தியது. எதிரே கோடிக்கணக்கில் பார்வையாளர்களை வைத்திருப்பவர். பலவீனமானவர் பலமானவர் மேல் போடும் வழக்கு இது. அந்தத் திசை தலைகீழாகும் நாளில், தொகை ஒரு லட்சமாக இருந்தாலும் நான் எதிர்ப்பேன். 2023 டிசம்பரில், டிரம்ப்பின் வழக்கறிஞராக இருந்த ரூடி ஜூலியானி மேல் வந்த 14.8 கோடி டாலர் தீர்ப்பையும் இப்படித்தான் பார்க்கிறேன். அதில் வழக்குப் போட்டவர்கள் ஜார்ஜியாவில் ஓட்டு எண்ணிய இரண்டு ஊழியர்கள். அதே ஆண்டு ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி, டொமினியன் என்ற வாக்குப்பதிவு இயந்திர நிறுவனத்துக்குக் கொடுத்த 78.75 கோடி வேறு ரகம். அது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடந்த பேரம்.

[திரையில்: இதுவரை வசூலான தொகை?]

இந்தத் தீர்ப்பில் எனக்கு இருக்கும் குறை வேறு இடத்தில். இவ்வளவு பெரிய எண், பணமாக மாறாது. டெக்சாஸ் விசாரணையில் ஒரு பொருளாதார நிபுணர் ஜோன்ஸும் அவருடைய நிறுவனமும் சேர்ந்த மொத்தச் சொத்தை அதிகபட்சம் 27 கோடி டாலர் என்று மதிப்பிட்டார். தீர்ப்புத் தொகை அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். கனெக்டிகட் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அந்த நேரத்திலேயே ஜோன்ஸ் தன் நிகழ்ச்சியில் நேரலையாகக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார், இந்தப் பணம் கிடைக்கும் என்று இவர்கள் நிஜமாகவே நினைக்கிறார்களா என்று. நிறுவனத்துக்குத் திவால் மனு, பிறகு தனக்கும் திவால் மனு. நல்லவேளை, 2023-ல் திவால் நீதிபதி கிறிஸ்டோபர் லோபஸ், வேண்டுமென்றே செய்த தீங்குக்கான கடனைத் திவாலால் துடைத்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தார். இன்ஃபோவார்ஸை ஏலம் விட்டபோது, 2024 நவம்பரில் தி ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகை ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே நீதிபதி அந்த ஏலத்தை ஏற்க மறுத்தார். ஜோன்ஸ் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் குடும்பங்களே ஒரு யோசனை வைத்தார்கள்: ஆண்டுக்கு 85 லட்சம் டாலர் வீதம் பத்து ஆண்டு, கூடவே ஆண்டு வருமானம் 90 லட்சத்தைத் தாண்டினால் தாண்டியதில் பாதி. அடிப்படைத் தொகை மொத்தம் 8.5 கோடி, அதாவது இரண்டு மாநிலத் தீர்ப்புகளும் சேர்ந்த தொகையில் பதினேழில் ஒரு பங்குக்கும் குறைவு. பேராசைக்காரர்கள் வைக்கிற கணக்கா இது? ஒரு மனிதன் சம்பாதித்துக் கட்டக்கூடிய தொகை, கட்டுகிற ஒவ்வோர் ஆண்டும் எதற்காகக் கட்டுகிறோம் என்று நினைவு வரும் தொகை. அந்தச் சமரசம் கைகூடவில்லை. 2024 ஜூனில் அவருடைய சொத்துகளை விற்றுக் கடனை அடைக்க உத்தரவு வந்தது.

2025 அக்டோபர் 14-ம் தேதி, ஜோன்ஸின் மனுவை விசாரிக்கவே மறுத்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம். கனெக்டிகட் வழக்கில் தொகை அதிகம் என்று அவர் சொல்லிப் பார்க்க இனி மேலே ஒரு நீதிமன்றம் இல்லை. இனி நடக்க வேண்டியது வசூல். அதை விரைவாக நடத்திக் கொடுக்கும் பொறுப்பு அமெரிக்க நீதிமன்றங்களிடம் இருக்கிறது.