ஒரே ஒரு எதிர் வாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

1941 டிசம்பர் 8, திங்கட்கிழமை. முந்தின நாள் ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததில் 2,400 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வாஷிங்டனில் அதிபர் ரூஸ்வெல்ட் இரு அவைகளின் கூட்டுக்கூட்டத்தில் சில நிமிடங்களே பேசி, போர் அறிவிக்கும்படி கேட்டார். செனட்டில் வாக்களித்த 82 பேரும் ஆதரவு. பிரதிநிதிகள் சபையில் ஒரு பெண்மணி எழுந்து பேச அனுமதி கேட்டார். சபாநாயகர் சாம் ரேபர்ன் தரவில்லை. மறுபடியும் எழுந்தார், மறுபடியும் இல்லை. பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தபோது அவர் சொன்னார்: "பெண் என்பதால் என்னால் போருக்குப் போக முடியாது. வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன்." 388 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. சபையை விட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் கோபத்தோடு சூழ்ந்துகொண்டது. அங்கிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொண்டார். போலீசார் வந்துதான் அவரைப் பத்திரமாக அழைத்துப் போனார்கள்.

அவர் பெயர் ஜெனட் ரேங்கின். மொன்டானா மாநிலத்துக்காரர், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். உலக விவகாரங்களிலிருந்து அமெரிக்கா ஒதுங்கியிருக்க வேண்டுமா, படை அனுப்பித் தலையிட வேண்டுமா என்ற பழைய வழக்கைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தொலைபேசிக் கூண்டிலிருந்து தொடங்கத்தான் தோன்றியது.

அது அவருடைய முதல் எதிர் வாக்கு இல்லை. 1917 ஏப்ரலில், பதவியேற்ற அதே வாரத்தில், ஜெர்மனி மீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தது. "நம்மைப் போரிலிருந்து காத்தவர்" என்ற முழக்கத்தோடு ஐந்து மாதம் முன்புதான் வில்சன் மறுபடி அதிபராகியிருந்தார். அவரே வந்து போர் கேட்டார். நீண்ட விவாதம் நடந்தது. விடியற்காலை மூன்று மணிவாக்கில் வாக்கெடுப்பு. ரேங்கினோடு சேர்த்து 50 பேர் எதிர்த்தார்கள். யாரும் யார் வாயையும் அடைக்கவில்லை.

அந்தப் போரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். எதற்காக என்று வீட்டுக்கு வீடு கேள்வி எழுந்தது. 1934இல் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் அந்தப் போரில் பார்த்த லாபத்தைத் தோண்டியெடுத்தது. அடுத்த ஆண்டே நடுநிலைச் சட்டம் வந்தது. போரிடும் நாடு எதற்கும் ஆயுதம் விற்கக் கூடாது என்றது. அந்த மக்களை யாரும் கோழைகள் என்று சொல்லக் கூடாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அந்த நிலைமை.

ஆனால் ஒதுங்கியிருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைப் பெரும்பாலும் மற்றவர்கள்தான் கொடுத்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுக்கு அமெரிக்க ஆயுதம் மறுக்கப்பட்டது. எதிரே கலகத் தளபதி பிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானமும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் தடை என்றால் கேட்க நியாயமாக இருக்கிறது. பலன் ஒரு பக்கத்துக்கே போனது. 1939இல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்டது. அனேகமாக எல்லோரும் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள். கியூபா மிகச் சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. கப்பல் புளோரிடா கரையோரம் வந்தது. மயாமி நகரத்து விளக்குகள் தளத்தில் நின்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அமெரிக்காவும் கதவைத் திறக்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பிப் போனார்கள். பின்னால் நாஜிகளின் படுகொலையில் அவர்களில் 254 பேர் இறந்தார்கள். ஒரு கப்பலை உள்ளே விட ஒரு படைவீரனும் தேவையில்லை. அப்படியும் விடவில்லை. எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்ற மனநிலை, அகதிக்குக் கதவு திறக்கவும் மறுக்கிற அளவுக்குப் போய்விட்டதை இந்த வரலாற்றில் நான் மறக்கவே மாட்டேன்.

அதனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 1941இல் ரேங்கின் அளித்த வாக்கோடு எனக்கு உடன்பாடில்லை. ஹிட்லரும் ஜப்பானியப் படையும் செய்துகொண்டிருந்ததை வேறு எதனாலும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அவரைப் பேச விடாததோடும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளைச் சாக அனுப்பும் தீர்மானத்தில், வேண்டாம் என்கிற ஒரே ஆளின் பேச்சைக் கேட்க ஐந்து நிமிடம் இல்லாமல் போனது பெரிய குறை. அன்று மாலை நான்கு மணி சுமாருக்கு ரூஸ்வெல்ட் கையெழுத்தே போட்டுவிட்டார்.

போர் அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொல்கிறது. அந்த அதிகாரத்தை அது கடைசியாகப் பயன்படுத்தியது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு போர் அறிவிப்பும் இல்லை. போர்கள் மட்டும் நிற்கவில்லை. 1950இல் கொரியாவுக்கு அதிபர் ட்ரூமன் படை அனுப்பியபோது அதைக் காவல் நடவடிக்கை என்றார்கள். அதில் சுமார் 36,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள், கொரியர்கள் லட்சக்கணக்கில்.

வியட்நாம் இன்னும் மோசம். 1964 ஆகஸ்டில் டொன்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக அரசு சொன்னது. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. தேவையானதையெல்லாம் அதிபர் செய்யலாம் என்ற தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416க்கு பூஜ்யம். செனட்டில் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங் என்ற இருவர் மட்டும் எதிர்த்தார்கள். 1968 தேர்தலில் இருவரும் பதவியை இழந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போரை நிறுத்தக் கோரி ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டிக்கொண்டு வாஷிங்டனில் ஊர்வலம் போனார் ரேங்கின். காந்தியின் வழியை அறிய இந்தியாவுக்குப் பலமுறை வந்து போனவர் அவர்.

சரி, பாடம் கற்று 1973இல் ஒரு சட்டம் போட்டார்கள். படையை மோதலில் இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் சம்மதிக்காவிட்டால் 60 நாளில் முடித்துக்கொள்ள வேண்டும். அதிபர் நிக்சனின் தடையாணையையும் மீறி நிறைவேறிய சட்டம். 2011இல் லிபியா மீது குண்டுவீச்சு 60 நாளைத் தாண்டியபோது ஒபாமா அரசு என்ன வாதாடியது தெரியுமா? தரைப்படை இல்லை, நம் வீரர்களைத் திருப்பிச் சுட ஆளில்லை, எனவே இது சட்டம் சொல்லும் மோதலே ஆகாது என்றது. கீழே குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களை அந்த விளக்கத்தில் எங்கே வைப்பது?

2001 செப்டம்பர் 14. இரட்டைக் கோபுரங்கள் இடிந்து மூன்றாம் நாள். வாஷிங்டன் தேவாலயத்தில் நினைவு வழிபாடு. கலிபோர்னியாவின் உறுப்பினர் பார்பரா லீ அங்கே உட்கார்ந்திருந்தார். நாம் வெறுக்கும் தீமையாகவே நாம் மாறிவிடக் கூடாது என்ற பொருளில் அங்கே ஒரு பிரார்த்தனை ஒலித்தது. அன்றிரவு சபையில், படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வந்தபோது, லீ அந்த வரியைச் சொல்லிவிட்டு எதிர்த்து வாக்களித்தார். 420க்கு 1. கொலை மிரட்டல்கள் வந்தன, போலீஸ் பாதுகாப்பு போட்டார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: ரேங்கினைப் போல இல்லாமல் லீயைப் பேச விட்டார்கள்.

அவர் எதிர்த்த தீர்மானத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள்தான். அதில் நாட்டின் பெயரும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. இரட்டைக் கோபுரங்களைத் தாக்கியவர்களுக்கு எதிராக என்று கேட்டு வாங்கிய அந்தச் சம்மதத்தைக் காட்டித்தான் ஏமனிலும் சோமாலியாவிலும் சிரியாவிலும் குண்டு வீசினார்கள், இரண்டு கட்சி அதிபர்களும்.

நன்றி, வணக்கம்.