அம்மாவின் பிஸ்கற் ரின்னும் உடைஞ்ச அலுமாரியின் லாச்சியும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கிற சகோதரங்களே, சனசமூக நிலைய முற்றத்தில் பாய் விரித்து இருந்து கேட்கிற அம்மாமாரே, ஐயாமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டுச் சாமானை ஒழுங்காக வைத்திருக்கப் பெரிதும் கைகொடுப்பது கடையில் வாங்கும் புதுப் பெட்டிகளா, வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களா? இதுதான் தலைப்பு. பழைய பொருட்களே என்று நான் வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னம் பேசிய தங்கச்சி, ஒரே அளவான பிளாஸ்ரிக் பெட்டிகளை வாங்கி அடுக்கினால் குசினி வடிவாக இருக்கும், பழசைச் சேர்த்தால் வீடு குப்பைமேடு என்று சொன்னா. தங்கச்சி, அந்த மூடி இறுகின பெட்டிக்குள் எங்கட சின்ன வெங்காயத்தைப் போட்டு ஒரு கிழமை வைத்துப் பாருங்கோ. மூடியின் உள்பக்கம் வேர்த்து நிற்கும். அடியில் இருக்கிற வெங்காயம் வழுவழுத்து மணக்கத் தொடங்கும். வெங்காயத்துக்குக் காற்று வேணும். எங்கட வீட்டில் விளிம்பு பிய்ந்த பழைய கடகம் ஒன்று கிடந்தது. விளிம்பைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி, கூரை வளையில் தொங்கவிட்டிருக்கிறேன். பனையோலை இழைக்குள்ளால் காற்று போய் வருகிறது. வெங்காயம் காய்ந்த சருகோடு அப்படியே இருக்கிறது.

மிளகாய்த்தூளுக்கு வாருங்கோ. பிளாஸ்ரிக்கில் போட்டால் நிறமும் மணமும் ஊறி, பிறகு எத்தனை தரம் கழுவினாலும் அந்தப் பெட்டியில் வேறொன்றும் போட ஏலாது. கண்ணாடிப் போத்தலில் அது ஏறாது. நல்லாய்க் கழுவி, சுடுதண்ணி ஊற்றி, மூடியையும் போத்தலையும் தனித்தனியே வெயிலில் காயவிட்டால் போதும். ஜாம் போத்தலின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லவும் வேணுமா? 1990க்குப் பிறகு போரால் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அந்த நாளில் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு வைத்து, அளந்து மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரி போட்டுக் கொளுத்தி, அதன் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் இந்த முற்றத்திலேயே இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

லாச்சிக் கதையையும் சொல்லவேணும். எங்கட அலுமாரியின் பின்பலகையைக் கறையான் அரித்துவிட்டது. விறகுக்கு வெட்டுவம் என்றார்கள். நான் மூன்று லாச்சிகளை மட்டும் இழுத்தெடுத்தேன். ஒன்றில் அரிப்பு இருந்தது, அது அடுப்புக்குப் போனது. மற்ற இரண்டையும் தட்டிப் பார்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, வேப்பெண்ணெய் பூசினேன். கட்டிலுக்கும் நிலத்துக்கும் இடையில் 9 அங்குலம். லாச்சியின் உயரம் 6 அங்குலம். அடியில் 2 அங்குலச் சில்லு நாலு பூட்டினால் 8. ஒரு அங்குலம் மிச்சம், தட்டாமல் உள்ளே போகும். இப்ப பிள்ளைகளின் பழைய கொப்பிகளும் போர்வைகளும் அதற்குள்தான். காலால் தள்ளினால் வெளியே வரும். கடைக்குப் போய் என் கட்டிலின் கீழ் அளவுக்கு ஒரு பெட்டி கேட்டால் தருவார்களா?

பழசைச் சேர்த்தால் டெங்கு வரும் என்றும் எதிரணி சொன்னது. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. முற்றத்தில் கிடக்கிற பால்ரின்னிலும் சிரட்டையிலும் மாரித் தண்ணி நின்றால் நுளம்பு பெருகும். தண்ணி வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆனால் நான் பேசுவது வேலை கொடுத்து வீட்டுக்குள் வைத்த பொருளைப் பற்றி. வெளியில் எறிந்து கிடப்பதைப் பற்றி அல்ல. ஒரு மாரி போய் அடுத்த மாரி வருவதற்குள் வேலை கிடைக்காத பொருளை நானும் வைத்திருப்பதில்லை. இன்னொன்றையும் இந்த மேடையில் கட்டாயம் சொல்லவேணும். இது தோட்டம் செய்கிற ஊர். பூச்சிமருந்துப் போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் குசினிக்குள் எடுக்கவே கூடாது. அதற்கு மறுவேலை இல்லை.

கடைசியாக, ஐயா, உங்கட மேசையில் நான் வைத்த ரின்னைப் பாருங்கோ. மலிபன் பிஸ்கற் ரின். நாலு மூலையும் துரு, ஒரு பக்கம் நெளிவு. பிஸ்கற் முடிந்த பிறகு அம்மா அதற்குள் காணி உறுதிப் பத்திரம், எங்கட பிறப்புச் சான்றிதழ், தன்ர கல்யாணப் படம் எல்லாம் வைத்து, மூடி விளிம்பில் மெழுகுதிரி தேய்த்து மூடுவா. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, எங்கட வலிகாமப் பகுதிச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்கு 11 வயது. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை, மேலே மழை. அப்பாவின் தலையில் உடுப்பு மூட்டை, அம்மாவின் இடுப்பில் தம்பி, என் கையில் இந்த ரின். மூட்டையில் இருந்த உடுப்பெல்லாம் நனைந்து பாரமாகிவிட்டது. அடுத்த வருசம் ஊர் திரும்பினபோது அலுமாரியில் பூட்டி வைத்த ஒன்றும் இல்லை. ரின்னுக்குள் இருந்தது அவ்வளவும் இருந்தது.

இப்பவும் உள்ளே அதே காணி உறுதிதான் இருக்கிறது. திறந்து பாருங்கோ ஐயா. மூடி கொஞ்சம் இறுக்கம், நெளிந்த பக்கத்து மூலையில் பெருவிரலை வைத்து மெல்லக் கிளப்பவேணும்.